பழைய சைட்டேஷன்: இடது இன்ஜின் பற்றி யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. டெக்சாஸில் 1979 மாடல் செஸ்னா சைட்டேஷன் 1 எஸ்பி (இரண்டு இன்ஜின் சிறிய ஜெட் விமானம்) வைத்திருக்கிறேன். நானே தனியாக ஓட்டுகிறேன். இடது ஜேடி15டி இன்ஜினுக்கு 1,750 மணி நேர ஹாட் செக்‌ஷன் (எரிஅறை, டர்பைன் உள்ள சூடான பகுதி) சோதனை வர இன்னும் 60 மணி நேரம்தான் பாக்கி. ஒரு மாதமாக ஸ்டார்ட் செய்யும்போது இடது ஐடிடி (டர்பைன் வெப்பநிலை) முள் வலதைவிட மேலே ஏறி, மெதுவாகத்தான் இறங்குகிறது. த்ராட்டிலில் கை வைத்தபடி, எந்த நொடியும் எரிபொருளைக் கட் செய்யத் தயாராக அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பேட்டரி புதுசு. ஜிபியு (தரையிலிருந்து மின்சாரம் தரும் கருவி) போட்டும் பார்த்தாச்சு, அதே கதைதான்.

இப்போதே பிரித்துவிடலாமா, முதலில் போரோஸ்கோப் (பிரிக்காமலே உள்ளே பார்க்கும் குழாய்க் கேமரா) போதுமா? செய்தவர்கள் சொல்லுங்கள்: டர்பைன் பிளேடு மாற்ற வேண்டி வந்ததா, வாடகை இன்ஜின் கிடைத்ததா, விமானம் எத்தனை வாரம் நின்றது? செலவைப் பற்றிக் கவலை இல்லாமல் இல்லை, ஆனால் பின் சீட்டில் என் பிள்ளைகள் உட்காருகிறார்கள். அப்புறம், தெர்மோகப்பிள் (வெப்பத்தை அளக்கும் சென்சார்) பழுதாகி இப்படிக் காட்டிய அனுபவம் யாருக்காவது உண்டா?