லைவ் லூப்பிங்: அடுக்கிசையா, மடக்கிசையா?

அன்புடையீர்,

லைவ் லூப்பிங் என்னும் மேடை இசைமுறைக்குத் தமிழ்ச்சொல் எது என்ற நம் உரையாடலில் ஒருவர் எழுதியது இது:

> கணினித் துறையில் லூப் என்பதற்கு மடக்கு வழங்குகிறது. ‘மடக்கிசை’ என்றே முடித்துவிடலாம்.

ஐயா, நாளைக் காலை இச்சொல் வரும் அத்தியாயம் அச்சுக்குப் போக வேண்டியிருந்தும் இதற்கு உடன்பட என்னால் இயலவில்லை. லைவ் லூப்பிங்கில் பாடகர் தனியாளாக மேடையில் நின்று, உதட்டால் தாளம் எழுப்பி, லூப்பர் என்னும் கருவியின் பெடலை மிதித்து அதைப் பதிந்து, அது திரும்பத் திரும்ப ஒலிக்கையிலேயே அதன்மேல் மூச்சொலி, முனகல், பாட்டு என ஒவ்வொன்றாக ஏற்றுகிறார். மீளல், ஏறல் என இரண்டு வினைகள் இதில் உள்ளன. 1948இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியேர் ஷேஃபர் இசைத்தட்டின் பள்ளத்தைத் தன்னையே வந்து சேரும் வட்டமாக மூடியபோது நிகழ்ந்தது மீளல் மட்டுமே. அதற்கு வளையம், சுழல், மடக்கு எதுவும் பொருந்தும். இவ்வுரையாடலில் ஓர் அம்மையார் முன்வைத்த அந்தாதி அழகான சொல்தான். ஆனால் அங்கே ஈறு அடுத்த பாட்டின் முதலாகிறதே தவிர, பாட்டு மீள்வதில்லை.

‘பாம்பு பாம்பு’ என்பதும் அடுக்கு, பானைமேல் பானை வைப்பதும் அடுக்கு. இரு வினைகளையும் ஒரே வேர் தாங்குவதால் ‘அடுக்கிசை’ என்கிறேன். ஒரு சொல் எத்தனை முறை அடுக்கலாம் என்பதற்கு நன்னூலார் ‘இரண்டு மூன்று நான்கெல்லை’ என்று வரம்பிட்டாரே என்ற தடை எழுந்தது. அவர் வரம்பிட்டது சொல்லுக்கு. பெடலுக்கு அவ்வரம்பு ஏன்?

எனினும் மடக்கின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. மடக்கணியில் வந்த எழுத்துகளே மீண்டும் வந்து வேறு பொருள் தருவதுபோல, புதிய குரல் ஏறியதும் பழைய ஒலி வேறொன்றாகக் கேட்கிறது. இந்த நயம் அடுக்கிசையில் இல்லை.

இடையில் வந்த மற்றொன்று: தென் சைபீரியாவின் துவா மக்களுடைய, ‘த்ரோட் சிங்கிங்’ எனப்படும் பாடல்முறைக்கு ‘மிடற்றுப் பாட்டு’ ஆகாது. தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என்னும் நம் பகுப்பில் வாய்ப்பாட்டு முழுவதும் மிடற்றுக்கு உரியது. ஒரே குரலில் அடிச்சுரத்தோடு மேற்சுரமும் தனித்துக் கேட்பதே துவா முறையின் சிறப்பாதலால் ‘மேற்சுரப் பாட்டு’ என்று எழுதியுள்ளேன். பீட்பாக்ஸைக் கொன்னக்கோல் என்பதும் தவறு; கர்நாடக இசையின் கொன்னக்கோல் ‘தகதிமி’ போன்ற சொற்கட்டுகளை ஓதுகிறது, பீட்பாக்ஸ் முரசின் ஒலியையே வாயால் எழுப்புகிறது.

பெரும்பாலோர் இசைந்ததால் ‘அடுக்கிசை’ அச்சேறுகிறது. அச்சொல் முதலில் வரும் இடத்தில் லைவ் லூப்பிங் என்பதையும் உடன் தருகிறேன். கருவிக்கு ‘அடுக்கி’ என்றால், ‘அடுக்கி வைத்தார்’ என்னுமிடத்தில் வினையெச்சமா பெயரா என்று மயக்கம் வருகிறது. ஆகவே அதை லூப்பர் என்றே விட்டிருக்கிறேன். அது எனக்கு நிறைவாக இல்லை.