500 டாலர் கார்ப் பந்தயம்: வரம்பை மீறினால் யார் கண்டுபிடிப்பார்கள்?

ஈசூன்வாசி:
அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய ‘24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ தொடரில், காரின் மதிப்பு 500 அமெரிக்க டாலரைத் தாண்டக்கூடாது என்பது விதி. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழுக்கு (சிஓஇ) பணம் கட்டியே களைத்துப்போகும் நமக்கு இது கனவு போலத் தோன்றுகிறது. பணக்காரர்கள் ஏமாற்றுவதை எப்படித் தடுக்கிறார்கள்?

பழைய மெக்கானிக்:
நண்பரே, அந்த வரம்பில் பாதுகாப்புச் சாதனங்கள் சேராது. ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு), பந்தய இருக்கை, இருக்கைப் பட்டை, பிரேக், டயர் ஆகியவற்றுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம். உயிரில் சிக்கனம் பிடிக்கக்கூடாது என்பதே காரணம். துருப்பிடித்த காரின் அடியில் பளபளக்கும் புது ஷாக் அப்சார்பர் தெரிந்தால், பரிசோதகர்கள் பந்தயம் தொடங்கும் முன்பே தண்டனைச் சுற்றுகளை விதித்துவிடுவார்கள்; ஓட்டி முடிக்கும் சுற்றுகளிலிருந்து அவை கழிக்கப்படும். அதைவிடக் கூர்மையான ஆயுதம், ஏற்பாட்டாளர்கள் விரும்பினால் 500 டாலர் கொடுத்து அந்தக் காரையே வாங்கிக்கொள்ளலாம் என்ற விதிதான். அப்படியிருக்க, யார் அதில் ஆயிரக்கணக்கில் கொட்டுவார்கள்?

வளைவுப்பிரியை:
முரட்டுத்தனமாக ஓட்டினால் கறுப்புக் கொடி காட்டி உள்ளே அழைத்து, கேலிக்குரிய தண்டனை கொடுப்பார்களாம். அபராதத்தைவிட வெட்கம் நன்றாக வேலை செய்யும் என்பது என் கருத்து.

ஈசூன்வாசி:
இருவருக்கும் நன்றி. இங்கே இதை நடத்த முடியுமா?

பழைய மெக்கானிக்:
கடினம். மரினா பே தடம் ஃபார்முலா 1க்காகச் சாலைகளில் அமைக்கப்படுவது. நிரந்தரத் தடம் வேண்டுமென்றால் மலேசியாவில் உள்ள 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள சிப்பாங்குக்குத்தான் போகவேண்டும்.