ஃபெஞ்சல் பயிர் நிவாரணம்: பட்டியலில் பெயர் இருக்கிறது, பணம் மட்டும் வரவில்லை

வயலோரம்:
விழுப்புரம் மாவட்டம். 2024 ஃபெஞ்சல் புயலில் 2.5 ஏக்கர் சம்பா நெல் மூழ்கிவிட்டது. வி.ஏ.ஓ.வும் வேளாண் துறையும் சேர்ந்து எடுத்த கணக்கில் அப்பா பெயர் இருக்கிறது. பக்கத்து வயல்காரர்களுக்குப் பணம் ஏறிவிட்டது, எங்களுக்கு இல்லை. கொடுத்தது பழைய சிண்டிகேட் வங்கிப் பாஸ்புக் நகல். எவ்வளவு வர வேண்டும், யாரைக் கேட்பது?

அடங்கல்:
தொகையை முதலில் பார்த்துவிடலாம். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான இறவைப் பயிருக்கு (கிணறு, வாய்க்கால் என்று பாசனம் உள்ளது) ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மானாவாரி (மழையை மட்டும் நம்பியது) என்றால் 8,500, பல்லாண்டுப் பயிர் என்றால் 22,500. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர்; ஆக உங்களுக்குச் சுமார் 17,200 வர வேண்டும். பட்டியலில் பெயரோடு நின்றுவிடாதீர்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, இறவையா மானாவாரியா என்பதை அடங்கலோடு (வி.ஏ.ஓ.விடம் இருக்கும் பயிர்ப் பதிவேடு) வரி வரியாக ஒப்பிடுங்கள். இறவை நிலம் மானாவாரி என்று ஏறியிருந்தால் தொகை பாதியாகிவிடும்.

பணம் நின்றதற்குக் காரணம் அநேகமாக அந்தப் பாஸ்புக்தான். சிண்டிகேட் 2020 ஏப்ரலில் கனராவோடு இணைந்தது. SYNB என்று தொடங்கும் ஐ.எஃப்.எஸ்.சி. (வங்கிக் கிளைக் குறியீடு) 2021 ஜூலையிலிருந்து செல்லாது. அந்தக் குறியீட்டோடு அனுப்பிய பணம் திரும்பிப் போயிருக்கும். கனரா கிளையில் CNRB என்று தொடங்கும் புதுப் பாஸ்புக் வாங்கி, முதல் பக்க நகல், ஆதார் நகல், அடங்கல் மூன்றையும் மனுவோடு தாசில்தார் அலுவலகத்தில் கொடுங்கள். "வங்கியிலிருந்து திரும்பிய இனம், மறுபடி அனுப்பவும்" என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள். ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

நஞ்சைமேடு:
இன்னொன்றையும் பாருங்கள் தம்பி. ஆதார் வழியாகப் பணம் போட்டிருந்தால், அப்பா கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தாரோ அங்கேதான் போகும், பாஸ்புக் கொடுத்த வங்கிக்கு அல்ல. வராத பணம் என்று நினைத்தது வேறு கணக்கில் கிடக்கலாம். மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும்.

வயலோரம்:
நன்றி அண்ணா. பயிர்க்கடன் கணக்கைக் கொடுத்துவிடலாமா? பயிர்க் காப்பீடும் கட்டியிருக்கிறோம், அது தடையாகுமா?

அடங்கல்:
கடன் கணக்கு வேண்டவே வேண்டாம். அதில் விழும் பணம் நிலுவையில் கழிந்துவிடும், கைக்கு வராது. சேமிப்புக் கணக்கையே கொடுங்கள். கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) முடிக்காமல் தொடங்கிய சிறு கணக்கு என்றால் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மாதம் 10,000 தான் எடுக்கலாம், முதலில் கே.ஒய்.சி.யை முடித்துவிடுங்கள்.

காப்பீடு தடையில்லை. நிவாரணம் உங்கள் வயலின் சேதத்தைப் பார்த்து வருவது. காப்பீடு பெரும்பாலும் ஊர் அளவில் நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரி மகசூலை வைத்து வருவது. அதனால் ஒன்று கிடைத்து மற்றொன்று கிடைக்காமலும் போகலாம். அறுத்துக் காயப் போட்ட கதிர் 14 நாளுக்குள் புயல் மழையில் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டு உதவி எண் 14447-இல் சொல்லியாக வேண்டும்.

நஞ்சைமேடு:
தாசில்தார் அலுவலகத்தில் அசைவு இல்லையென்றால் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒப்புகை நகலோடு மனு கொடுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு. "பணம் அனுப்பிய தேதி, கணக்கு எண், திரும்பிய காரணம்" இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.