தோப்பு மோட்டார் லாகர்: ஃபிளாஷில் 1, 11, 12, 22ஆம் பதிவுகள் மட்டும் கெடுகின்றன

தோப்புக்காரன், உடுமலை:
வணக்கங்க. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலில் எங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் விடாத மாதங்களில் தென்னைக்குப் போர்வெல்தான் கதி. ஒரு பேஸ் போனது தெரியாமல் ஓடி மோட்டார் காயில் கருகுவது வாடிக்கையாகிவிட்டது. அதனால் மூன்று பேஸின் வோல்டேஜையும் ஆம்பியரையும் நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும் லாகர் ஒன்று செய்திருக்கிறேன். எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, எஸ்பிஐயில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் ஒயர் இணைப்பு) டபிள்யூ25கியூ64 ஃபிளாஷ் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகச் சிப்).

சிப் ஐடி இஎஃப் 40 17 என்று சரியாக வருகிறது. எரேஸ் செய்துவிட்டுப் படித்தால் எல்லாம் எஃப்எஃப் (எல்லா பிட்டும் 1, அதாவது காலி). ஒரு பதிவு 24 பைட்: நேரம் 4, வோல்டேஜ் 6, ஆம்பியர் 6, மீதி 8 வெப்பநிலை முதலியவை. ஒன்றன்பின் ஒன்றாக எழுதுகிறேன்.

இறக்கிப் பார்த்தால் 1, 12 இரண்டிலும் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறது. 11, 22இல் தேதி சரி, வால் பகுதி குப்பை. அதுவும் 22இல் மூன்றாவது பேஸ் வோல்டேஜிலிருந்து கடைசி வரை எஃப்எஃப். பிறகு 33, 43, 44, 54 என்று அதே கூத்து. மற்றதெல்லாம் சுத்தம். எழுத அனுமதிக்கும் ரைட் எனேபிள் கட்டளையை ஒவ்வொரு முறையும் அனுப்புகிறேன், சிப் வேலையை முடித்ததா என்று பிஸி பிட்டும் பார்க்கிறேன்.

பேனல் போர்டு, பல்லடம்:
ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறீர்களா? மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் காண்டாக்டர் அடிக்கும்போது வரும் நாய்ஸ் எஸ்பிஐ ஒயரில் ஏறும். ஒயரைக் குட்டையாக்கிப் பாருங்க.

தோப்புக்காரன்:
இல்லைங்கண்ணா, வீட்டு மேசையில் வைத்து ஓட்டினாலும் அதே எண்கள்தான் கெடுகின்றன.

பீளமேடு பெஞ்ச்:
நாய்ஸுக்கு எண்ணத் தெரியாதுங்க. இது பேஜ் எல்லை.

இந்த சிப்பில் ஒரே தடவையில் எழுதக்கூடிய பகுதியான பேஜ் 256 பைட். எழுதும்போது எல்லை தாண்டினால் அடுத்த பேஜுக்குப் போகாது. செக்கு மாடு மாதிரி அதே பேஜின் தொடக்கத்துக்கே திரும்பும். 10 பதிவு 240 பைட். 11வது பதிவில் 16 பைட்தான் அடங்கும், மீதி 8 பைட் முதல் பதிவின் தலையில் போய் விழும். ஃபிளாஷில் எழுதினால் 1 பூஜ்ஜியமாகும், பூஜ்ஜியம் 1 ஆகாது. உங்கள் தேதி பின்னாலேயே போகிறதே தவிர முன்னால் போகாதது அதனால்தான். 22வது பதிவில் 8 பைட்தான் அடங்கும், மீதி 16 பைட் 11இன் வாலையும் 12இன் தலையையும் கெடுக்கும். 32 பதிவு சரியாக 3 பேஜ். 33இலிருந்து மறுபடி ஆரம்பம்.

படிக்கும்போது இந்தச் சுற்றல் கிடையாது, நேராகப் போகும். அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பதிவை 32 பைட்டாக்கிவிடுங்க. பேஜுக்கு 8, 4 கேபி செக்டருக்கு (எரேஸ் செய்யக்கூடிய மிகச்சிறிய பகுதி) 128, எங்கேயும் எல்லையில் விழாது. கூடுதல் 8 பைட்டில் வரிசை எண்ணும் சிஆர்சியும் (பதிவு கெட்டிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வையுங்க. 8 எம்பிக்கு 2,62,144 பதிவு, நிமிடத்துக்கு ஒன்று என்றால் 182 நாள் தாங்கும்.

பேனல் போர்டு:
அப்புறம், கரண்ட் போய் வந்தால் எந்த இடத்திலிருந்து தொடர்வது என்று தெரிய, முதல் செக்டரில் முகவரியை எழுதி வைத்துக்கொள்ளலாமே?

பீளமேடு பெஞ்ச்:
வேண்டாங்க. முகவரியை மாற்ற ஒவ்வொரு தடவையும் அந்த செக்டரை எரேஸ் செய்ய வேண்டும். அதற்கு ஆயுள் 1,00,000 எரேஸ். நிமிடத்துக்கு ஒன்று என்றால் 70 நாள்கூட ஆகாது. போர்டு எழும்போது 2,048 செக்டரிலும் முதல் வரிசை எண்ணை மட்டும் படியுங்க. பெரிய எண் எந்த செக்டரிலோ, அதற்குள் முதல் காலி இடம்தான் உங்கள் இடம்.

தோப்புக்காரன்:
32 பைட்டாக்கிவிட்டேன், ஒரு பதிவும் கெடவில்லை! ரொம்ப நன்றிங்கண்ணா. இன்னொரு சந்தேகம். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால்?

பீளமேடு பெஞ்ச்:
அந்தக் கடைசிப் பதிவில் சிஆர்சி பொருந்தாது. அதைத் தாண்டி அடுத்த 32 பைட்டில் எழுதுங்க. அதைச் சுத்தம் செய்கிறேன் என்று எரேஸ் கொடுத்துவிடாதீங்க, அந்த செக்டரே போய்விடும். ஒரு பேஜ் எழுத அதிகபட்சம் 3 மில்லிசெகண்ட். 5 வோல்ட் பக்கம் நல்ல கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் சமாளிக்கும். செக்டர் எரேஸ் 400 மில்லிசெகண்ட் வரை இழுக்கும், அதனால் அடுத்த செக்டரை முன்கூட்டியே எரேஸ் செய்து வையுங்க. சிப்பைத் தேர்ந்தெடுக்கும் சிப் செலக்ட் காலுக்கு 10 கே புல்-அப் (வோல்டேஜை மேலே பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) இருக்கிறதா என்றும் பாருங்க, போர்டு ரீசெட் ஆகும் நேரத்தில் அது மிதக்கக்கூடாது.