பி.ஏ. இங்கிலீஷ் முடித்தவர்களுக்குக் காப்பி எடிட்டிங் வேலை: என் அனுபவம்

பி.ஏ. இங்கிலீஷ் என்றால் அடுத்து பி.எட்., கால் சென்டர், அல்லது டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங். பிள்ளைகள் இந்த மூன்றைத்தான் சொல்கிறார்கள். சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குக் காப்பி எடிட்டிங், அதாவது வெளியாகும் முன் கட்டுரையைச் சரிபார்த்துத் திருத்தும் வேலை, செய்துதரும் நிறுவனங்கள் இருப்பது இறுதியாண்டில்கூடப் பலருக்குத் தெரிவதில்லை. அந்தத் துறையில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை.

இன்டர்வியூவில் மருத்துவக் கட்டுரை ஒன்றின் பக்கத்தைத் திருத்தக் கொடுப்போம். டெல்டா பக்கம் அரசுக் கல்லூரியில் படித்த பெண் ஒருவர் வந்திருந்தார். பேச்சு தயங்கித் தயங்கித்தான் வந்தது. கட்டுரையில் நோயாளிகள் 48 பேர். அட்டவணையைக் கூட்டினால் 46. பலர் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். கவனிப்பவர்களிலும் சிலர் தாங்களே எண்ணை மாற்றிவிடுவார்கள். இவர் எண்ணைத் தொடவில்லை. எது சரி என்று உறுதிசெய்யும்படி கட்டுரையாளருக்கு ஓரத்தில் குறிப்பு எழுதிவைத்தார். இந்த வேலைக்கு உயிரே அதுதான். எடுத்துக்கொண்டோம்.

செய்யுளை வரிவரியாகப் படித்த பழக்கம் இங்கே நன்றாகவே கைகொடுக்கிறது. அதனால் ஷேக்ஸ்பியரைத் தூக்கிவிட்டு ஸ்போக்கன் இங்கிலீஷ் வையுங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். குறை வேறு இடத்தில். நோட்ஸை மனப்பாடம் செய்தே தேறிவிடலாம் என்பதால், சொந்தமாக ஒரு பத்தி எழுதித் திருத்தி வாங்காமலே பட்டம் கிடைத்துவிடுகிறது. 2022இல் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் வாராவாரம் எழுதவைத்துத் திருத்தித் தருவதை வகுப்பு ஆசிரியர்தான் செய்ய முடியும்.

இலக்கணப் பிழையை இப்போது ஏஐ திருத்திவிடுகிறது, சரி. ஆனால் ‘மருந்து வலியைக் குறைக்கக்கூடும்’ என்று இருந்ததை ‘குறைக்கிறது’ என்று அது மாற்றியிருந்ததை நானே பார்த்தேன். மருத்துவக் கட்டுரையில் அது எவ்வளவு பெரிய மாற்றம்! அதைப் பிடிக்க ஆள் வேண்டும்.

ஆரம்பச் சம்பளம் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

*

அக்கா, நான் எம்.ஏ. முடித்து மென்பொருள் நிறுவனத்தில் உதவிப் பக்கங்கள் எழுதுகிறேன். இன்டர்வியூவில் மார்க் ஷீட்டைப் புரட்டக்கூட இல்லை. எழுதியது ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். ஒரு வங்கிச் செயலியின் குழப்பமான வழிமுறைகளை எளிமையாக்கி எழுதி வைத்திருந்தேன், காட்டினேன். என் தங்கை காப்பி எடிட்டிங் டெஸ்ட் எழுதப் போகிறாள். எதைப் பார்க்கச் சொல்லட்டும்?

*

மருத்துவம் என்றால் வான்கூவர் முறையில் மேற்கோள்களுக்கு எண் கொடுப்பதைப் பழகச் சொல்லுங்கள் தம்பி. சமூக அறிவியல் என்றால் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு) ஏழாம் பதிப்பு. வேர்டில் ஒவ்வொரு திருத்தத்தையும் அடையாளமிட்டுக் காட்டும் டிராக் சேஞ்சஸ் வசதியை ஆன் செய்துவிட்டுத் திருத்தப் பழகட்டும். அது தெரியாமல்தான் பலர் டெஸ்ட்டில் தடுமாறுகிறார்கள்.