டொராண்டோவில் வெள்ளை ஃபிர்: ஒரு பக்கம் மட்டும் பழுப்பாவது ஏன்?

கேள்வி: எங்கள் முன்முற்றத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்ட வெள்ளை ஃபிர் என்ற ஊசியிலை மரம் ஆளுயரம் வளர்ந்து, நீலச் சாயலுடன் நன்றாகவே இருந்தது, பனி உருகிய பிறகு பார்த்தால், தென்மேற்குப் பக்கத்து ஊசியிலைகள் மட்டும் செம்பழுப்பாகியிருக்கின்றன. எங்கள் நிலம் களிமண். மரத்தை வெட்ட வேண்டியதுதானா?

பதில் 1: அவசரப்பட வேண்டாம். இது பெரும்பாலும் குளிர்கால வறட்சியாகவே இருக்கும்: நிலம் உறைந்திருக்கும்போது வெயிலும் காற்றும் இலையின் ஈரத்தை உறிஞ்சிவிட, வேர்களால் அதை ஈடுகட்ட முடிவதில்லை. கிளைநுனியை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கிளை உயிரோடிருக்கிறது, புது மொட்டுகள் விரியும்வரை கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். இலையுதிர் காலத்தில், நிலம் உறைவதற்கு முன், ஆழமாக நீர் விடுங்கள்.

பதில் 2: எனக்குக் களிமண்தான் கவலை. வெள்ளை ஃபிர் வறட்சியைக்கூடத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது. என் மரமொன்று வேரழுகலில் போனது. தோண்டியபோது வேரின் தோல் உறைபோலக் கழன்று வந்தது. அடிமரம் விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேல் தெரிகிறதா? மூடாக்கு (மரத்தடி மண்ணை மூடப் பரப்பும் மரச்சில்லு, சருகு போன்றவை) 5 முதல் 8 செ.மீ. போதும், அதுவும் தண்டைத் தொடாமல்.

கேட்டவர்: சுரண்டினேன், பச்சைதான். ஆனால் மூடாக்கு தண்டைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குக் குவிந்திருந்தது, இன்றே விலக்கிவிட்டேன்.