எங்க பாட்டா பத்திரத்துல நாகர்கோவில்ங்கிற பேரே இல்லியே, ஏன்?

மட்டிப்பழம்:
நான் பொறந்தது வளந்தது எல்லாம் நாகர்கோவில் டவுண்தான், இப்ப சென்னையில வேல. போன வாரம் லீவுக்கு வந்தப்ப மச்சுல கெடந்த தகரப்பெட்டிய தொறந்தா பாட்டாவோட வீட்டுப் பத்திரம், முழுக்க மலையாளம், ஓரமெல்லாம் செல்லரிச்சு போயிருக்கு. பக்கத்து வீட்டு சேச்சி கண்ணாடிய போட்டுக்கிட்டு அரைமணி நேரம் எழுத்துக்கூட்டி வாசிச்சாங்க. வருஷம் 1110, அகஸ்தீஸ்வரம் தாலுகா, வடிவீஸ்வரம் பகுதி, அவ்வளவுதான். நாகர்கோவில்னு ஒரு எழுத்து கெடயாது. டவுண் நடுவுல இருக்க மணிக்கூண்டு, அந்த மணிமேடையில இருந்து நடந்து போற தூரத்துல இருக்க வீடுங்க இது. அப்ப இது வேற எடத்துப் பத்திரமா? 1110ன்னா சோழர் காலமான்னு தம்பி வேற கேக்கான். ஆன்லைன்ல பட்டா பாக்கலாம்னா அதுலயும் வரமாட்டேங்குது.

பழைய சங்கிலி:
தம்பி, பத்திரம் உங்க வீட்டோடதுதான், பயப்படாதீங்க. 1110ங்கது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. ஆவணியில வருஷம் பொறக்கும், அதனால இங்கிலீஷ் வருஷம் வேணும்னா மார்கழி பாதி வர 824, அதுக்கப்புறம்னா 825 கூட்டணும். 1934, 35 வரும். அப்ப நாம திருவிதாங்கூர்ல இருந்தோம், தமிழ்நாட்டோட சேந்தது 1956 நவம்பர் 1லதானே. அங்க பகுதின்னா இப்ப வருவாய் கிராமம்னு சொல்லுதோம்லா, அதாக்கும். முனிசிபாலிட்டி 1920லயே வந்தாச்சு, ஆனா அது வீட்டு வரிக்கும் விளக்குக் கம்பத்துக்கும். நில ரிக்கார்டு அந்தந்த கிராமத்துப் பேருலயேதான் ஓடுச்சு. வடசேரி, வடிவீஸ்வரம்னு தனித்தனியா கெடந்த ஊருங்க ஒண்ணா ஒட்டுனதுதான் இந்த டவுணே. பட்டா வராததுக்குக் காரணம் அனேகமா நம்பர், பத்திரத்துல இருக்கது பழைய சர்வே நம்பர், அத போட்டா ஒண்ணும் கெடைக்காது. வில்லேஜ் ஆபீஸ்ல பழைய நம்பர குடுத்து ரீசர்வே நம்பர் என்னன்னு கேளுங்க.

கோட்டாத்துக்காரன்:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனா ஒட்டுனதுன்னு சமமா சொல்லிட்டுப் போனா எப்பிடி. ஊருன்னு இருந்தது கோட்டாறுதான் வே. நாகர்கோவில்ங்கது நாகராஜா கோயிலச் சுத்தி இருந்த சின்ன கிராமம், கோயில்லயே இன்னிக்கும் கருவறைக்கு மேல ஓலைக்கூரைதான், உள்ள இருந்து எடுக்க ஈர மண்ணுதான் பிரசாதம். எங்க ஆச்சி கடைசி வர செட்டிகுளம் தாண்டுனா "நாரோயிலுக்கு போயிட்டு வாரேன்"ன்னுதான் சொல்லுவா, குடையும் தண்ணிப் பாட்டிலும் எடுத்துட்டு, ஏதோ வெளியூர் போற மாதிரி. ரெண்டு கிலோமீட்டர் இருக்காது!

பேரு எப்ப கைமாறுச்சுன்னா, என் கணக்குல 1818. மயிலாடியில இருந்த லண்டன் மிஷன்ங்கிற கிறிஸ்தவ சபைய மீட் ஐயர்ங்கிற வெள்ளக்காரப் பாதிரியார் நாகர்கோவிலுக்கு கொண்டாந்தார், ராணி பார்வதிபாய் காலத்துல அவருக்கு பங்களாவும் குடுத்து கோர்ட்டுல ஜட்ஜாவும் போட்டாங்க. பள்ளிக்கூடம், ஹோம் சர்ச், லேஸ் பின்னுறதுன்னு எல்லாம் அந்தப் பக்கம் போயிட்டு. ஸ்காட் காலேஜும் மணிமேடையும் ஒரே வருஷம், 1893. படிப்பும் ஆபீசும் அங்க, மூடை எறக்குறது மட்டும் எங்க கம்போளம் சந்தையில. முனிசிபாலிட்டிக்கு பேரு வைக்கும்போ எந்தப் பேர வைப்பான்? கத்தோலிக்கர் மட்டும் விட்டுக்குடுக்கல, 1930ல வந்த மறைமாவட்டம் இன்னிக்கும் கோட்டாறு மறைமாவட்டம்தான். ரயில்வேக்காரன் 1979ல எங்க ஊருல ஸ்டேஷன கட்டிட்டு போர்டுல நாகர்கோவில்னு எழுதிட்டுப் போயிட்டான், அத நெனச்சா இப்பவும் எரியும்.

வடசேரி மருமக:
ஆரம்பிச்சிட்டாங்க கோட்டாத்துக்காரங்க. டான்ஸ் ஆடுற பிள்ளைங்க போடுற கெம்புக்கல் நகை எங்கன செய்யான்னு கேட்டுப் பாருங்க, வடசேரின்னுதான் சொல்லுவாங்க. எங்க தெருவுல ஒரு பெரியவர் ஜன்னல் வெளிச்சத்துல உக்காந்து ஒவ்வொரு கல்லா மெழுகுல ஒத்தி எடுத்து வைப்பார், ஃபேன் போட விடமாட்டார், கல்லு பறந்துருமாம். கனகமூலம் சந்தையும் எங்க பக்கந்தான், அதயும் யாரும் நாகர்கோவில் சந்தைன்னு சொல்லி நான் கேட்டதில்ல.

அப்புறம், ஊரு ஒண்ணா ஒட்டிட்டுன்னு யாரு சொன்னா? போன தீபாவளிக்கு மதுரையில இருந்து வந்த எங்க அண்ணன் போன்ல "நாகர்கோவில் பஸ்ஸ்டாண்டுல நிக்கேன்"ன்னான். நான் மீனாட்சிபுரம் அண்ணா பஸ்ஸ்டாண்டுல ஒரு மணி நேரமா தேடுதேன், அவன் வடசேரியில உக்காந்து மூணாவது சாயா குடிச்சிட்டு இருக்கான். 2019ல மாநகராட்சி ஆயாச்சு, இன்னும் அட்ரஸ் சொல்லணும்னா ஏரியா பேரு சொன்னாத்தான் ஆட்டோக்காரருக்கு புரியும்.

சாயாக்கடை:
ஒழுகினசேரிய ஒருத்தரும் சொல்லல. கலைவாணர் பொறந்த ஊரு வே.

மட்டிப்பழம்:
எல்லாருக்கும் நன்றி. சங்கிலி அண்ணாச்சி சொன்ன மாதிரி வில்லேஜ் ஆபீஸ் போனேன், ரெண்டு நாள் நடக்க விட்டாங்க, ஆனா நம்பர் கெடச்சுட்டு. வடிவீஸ்வரம்னு போட்டு தேடுனதும் பாட்டா பேரு அப்பிடியே வந்து நிக்கு, அவர் செத்து 22 வருஷமாச்சு. இனி அத அப்பா பேருக்கு மாத்த என்ன செய்யணும்? வாரிசு சர்டிபிகேட் மட்டும் போதுமா, இல்ல மலையாளப் பத்திரத்தயும் தமிழ்ல எழுதிக் குடுக்கச் சொல்லுவாங்களா?

பழைய சங்கிலி:
வாரிசு சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் மொதல்ல எடுத்து வைங்க. பத்திரத்த தமிழ்ல எழுதித் தர தெரிஞ்சவங்க இப்ப கொறஞ்சுட்டாங்க, நான் ஒருத்தர விசாரிச்சு சொல்லுதேன். அதுவர அந்த சேச்சிய பகைச்சுக்காதீங்க.